ஒரே பக்கம் வலிக்கும் மாதவிடாய்: கருப்பைச் சுவருக்குள் ஒளிந்திருக்கும் கட்டி

வயதுக்கு வந்த சில வருடங்களிலேயே மெஃப்டால் போன்ற வலி மாத்திரைக்கும் அடங்காத மாதவிடாய் வலி என்று ஒரு பெண் வந்தால், நான் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம்மா வலிக்குது?" அடிவயிறு முழுக்கக் கையை வைத்துக் காட்டுகிறவர்கள்தான் அதிகம். மாதாமாதம் ஒற்றை விரலால் அதே ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் ஜுவனைல் சிஸ்டிக் அடினோமயோமா, அதாவது இளம் வயதில் கருப்பைத் தசைக்குள் வரும் அறை போன்ற கட்டி, நினைவுக்கு வரும். "கல்யாணமானா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

அடினோமயோசிஸ் என்றால் கருப்பையின் உட்சவ்வு தசைக்குள் புகுந்து வளர்வது. ஜுவனைல் சிஸ்டிக் அடினோமயோமா என்ற இந்த அபூர்வ வகையில் தசைக்குள்ளேயே தனியாக ஒரு சிற்றறை இருக்கும். அதற்குள்ளும் மாதந்தோறும் ரத்தம் கசியும், வெளியேற வழி கிடையாது. 2010இல் டகேயுச்சி குழுவினர் வகுத்த வரையறை: வயது 30க்குள், கட்டி 1 செ.மீ.க்குக் குறையாமல், கருப்பைக் குழியோடு தொடர்பில்லாமல், சுற்றிலும் தடித்த தசையோடு, கூடவே கடுமையான வலி.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் சிறிய கட்டி தப்பிவிடலாம். அப்போது எம்.ஆர்.ஐ. எடுப்பதே நல்லது. அதில் கொழுப்பின் ஒளியை அடக்கி எடுத்த டி1 என்ற வகைப் படத்திலும் பழைய ரத்தம் பளிச்சென்று நிற்கும். கட்டி பெரும்பாலும் கருப்பையைத் தாங்கும் வட்டத் தசைநார் அதோடு சேரும் மூலைக்குப் பக்கத்தில் இருக்கும். ரிப்போர்ட்டில் 'சாக்லேட் சிஸ்ட்' (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) என்றோ 'ஃபைப்ராய்டு' (கருப்பைத் தசைக்கட்டி) என்றோ போட்டிருந்தால் அதோடு விடாமல், கருப்பைக் குழிக்கு இரண்டு மூலையும் முழுதாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மூலைதான் என்றால் அது அடைபட்ட கொம்புள்ள ஒற்றைக் கொம்புக் கருப்பையாக இருக்கலாம்; அதாவது பிறவியிலேயே கருப்பையின் ஒரு பாதி மட்டும் சரியாக வளர்ந்து, மறுபாதி வழியில்லாமல் அடைபட்டிருப்பது. அதில் ஒரு சிறுநீரகமே இல்லாமலும் போகலாம், அதையும் பார்த்துவிட வேண்டும்.

சரி, சிகிச்சை? வலி மாத்திரையோடு, இடைவெளி விடாமல் கருத்தடை மாத்திரையோ தினம் 2 மி.கி. டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையோ தருவோம். கண் முன் மின்னலடிக்கும் மைக்ரேனோ, ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. மாத்திரை வலியை அடக்குமே தவிர, அறை அப்படியே இருக்கும். ஊசியால் உறிஞ்சி மட்டும் எடுத்தால் மறுபடி நிரம்பும். லேப்ராஸ்கோப்பியில் அந்தச் சுவரோடு சேர்த்து வெட்டியெடுத்துத் தசையை அடுக்கடுக்காகத் தைப்பதுதான் நிலையான வழி. கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சைக் குறிப்பையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் கர்ப்பமானால் முதல் செக்கப்பிலேயே அவற்றைக் காட்டுங்கள். தையல் எவ்வளவு ஆழம் என்று பார்த்துத்தான் சுகப்பிரசவமா சிசேரியனா என்று தீர்மானிப்பார்கள்.