ஃபஸ் பெடலுக்கு முன்னால் எதையும் வைக்காதீர்கள்: ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ஒலியை வரவழைக்கும் முறை

1960-களின் அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸின் கிட்டார் ஒலி வேண்டும் என்று ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாகச் சிதைக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) வாங்கிய என் நண்பர்கள் மூவர், சில வாரங்களிலேயே அதை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார்கள். மூவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: தகர டப்பாவுக்குள் அடைபட்ட வண்டுபோல் இரைகிறது. நானும் ஏறக்குறைய ஒரு மாதம் அந்த வண்டோடு மல்லுக்கட்டினேன். பெடலில் குறை எதுவும் இல்லை, இணைத்த வரிசையில்தான் இருந்தது. அதைச் சரிசெய்த நாளில் கிடைத்த ஒலியை இன்றுவரை மாற்ற மனம் வரவில்லை. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருதி சேர்க்கவும், கேபிளைச் சரியான துளையில் செருகவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த ஒலியைத் தேடுகிறோம்?

ஹென்ட்ரிக்ஸுக்கு ஒரே ஒலி என்று எதுவும் கிடையாது. 1967-இல் வெளிவந்த ஸ்டுடியோ பதிவுகளில் ஒன்று, மேடையில் வேறொன்று. நான் குறிவைத்தது 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ஒலித்ததை. அன்று அவர் வைத்திருந்த வரிசை எளிமையானது: ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், வா-வா பெடல் (மிதிக்க மிதிக்க ஒலியை 'வா-வா' என்று திறந்து மூடுவது), ஃபஸ் ஃபேஸ் என்ற ஃபஸ் பெடல், யூனி-வைப் (ஒலியை அலைபோல் மிதக்கவிடும் பெட்டி), கடைசியில் மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி). இந்த ஐந்தில் ஒலியின் சதையும் இரத்தமுமாக இருப்பது ஃபஸ் ஃபேஸ். மற்றவற்றை மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த ஃபஸ் வாங்குவது?

ஃபஸ் ஃபேஸ் 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த பெடல். மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து அந்த வட்ட வடிவம் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், மேலே இரண்டு குமிழ். அவ்வளவுதான். இந்தச் சிக்கனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரப்போகும் தொல்லைக்கும் அழகுக்கும் அதுவே காரணம்.

ஆரம்பத்தில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்து வந்தது, பிறகு சிலிக்கானுக்கு மாறியது. ஜெர்மேனியம் மிருதுவானது, ஓரங்கள் உருண்டு கேட்கும். சிலிக்கான் கூர்மையானது, உரத்தது, சில சமயம் பக்கத்து வானொலி நிலையத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொடுக்கும். இணையத்தில் ஜெர்மேனியத்துக்குக் கோயில் கட்டாத குறை. ஆனால் முதல் பெடல் வாங்குகிறவர் சிலிக்கானையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மேனியம் வெப்பத்துக்கு ஈடுகொடுக்காது. காலையில் பிரமாதமாக ஒலித்த பெடல் உச்சிவெயிலில் குழறும். குழறுவது பெடலா, உங்கள் கையா என்று தெரியாமல் கற்றுக்கொள்வது கொடுமை. BC108 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர் வைத்த எந்தப் பெடலும் போதும். பிராண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

படி 1: சுருதியை இறக்குங்கள்

ஆறு தந்திகளையும் அரைக் கட்டை இறக்குங்கள். மூன்று கட்டையில் நிற்கும் தடித்த தந்தி இரண்டரைக் கட்டைக்கு வர வேண்டும். ஹென்ட்ரிக்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருந்தார். தந்தி தளர்வதால் விரலால் இழுத்து வளைப்பது எளிதாகிறது, ஒலியிலும் ஒரு கனம் சேர்கிறது.

அவர் இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் திருப்பிப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். அதனால் தந்திகளைத் தாங்கும் பாலத்தருகே சாய்வாகப் பொருத்தப்பட்ட பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் உறுப்பு) சாய்வும் தலைகீழானது. மெல்லிய தந்திகள் சற்று இதமாகவும், தடித்தவை சற்றுத் தெளிவாகவும் கேட்டன. அதற்காக நீங்கள் கிட்டாரைத் திருப்ப வேண்டாம். ஆம்பில் ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 2: ஆம்பைத் துடைத்துவைத்ததுபோல் வைக்காதீர்கள்

ஃபஸ் பெடலைத் தொடுவதற்கு முன் ஆம்பை மட்டும் சரிசெய்யுங்கள். மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் ஓரத்தில் லேசான கரகரப்போடும் ஒலிக்கும் இடம் ஒன்று இருக்கும். அங்கே நிறுத்துங்கள். ஹென்ட்ரிக்ஸின் பின்னால் நின்றவை உரக்கத் திறந்துவிடப்பட்ட 100 வாட் மார்ஷல்கள். ஆம்பே ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்ததால், ஃபஸ்ஸின் கூரிய விளிம்புகளை அது மழுங்கச் செய்தது. சுத்தமான ஆம்பில் அந்த விளிம்புகள் அப்படியே வந்து காதில் குத்தும்.

சிறிய பயிற்சி ஆம்ப்தான் இருக்கிறது என்றால், ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஓர் ஓவர்டிரைவ் பெடல் வையுங்கள். ட்யூப் ஸ்க்ரீமர் வகை எனக்குப் பிடித்தது. டிரைவ் குமிழைக் கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். இது திணறும் ஆம்புக்கு மாற்றாக நிற்கிறது, இன்னொரு சிதைவைச் சேர்க்க அல்ல.

படி 3: கிட்டாரிலிருந்து நேராக ஃபஸ்ஸுக்கு

என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது இந்தப் படி.

பெடல் வரிசை பற்றி எங்கே கேட்டாலும் "ட்யூனர் முதலில்" என்பார்கள். நானும் ட்யூனர் பெடலை முதலில் வைத்து, அதிலிருந்து ஃபஸ்ஸுக்குக் கேபிள் கொடுத்திருந்தேன். ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்தே ஒலியைத் தெளிவாக்கினார் என்று படித்திருந்தேன். குறைத்துப் பார்த்தேன். எட்டுக்கு வந்தேன், ஆறுக்கு வந்தேன். இரைச்சல் சன்னமானதே தவிர, இரைச்சலாகவே இருந்தது. பெடல் பழுது என்று நினைத்தேன். பேட்டரி மாற்றினேன், கேபிள் மாற்றினேன், பிக்கப்பின் உயரத்தைக்கூட மாற்றினேன்.

ஒருநாள் நண்பர் ஒத்திகைக்கு வேண்டுமென்று ட்யூனரை வாங்கிக்கொண்டு போனார். அன்று இரவு கிட்டார் கேபிளை நேராக ஃபஸ்ஸில் செருகினேன். ஒரு ஸ்வரக்கோவையை மீட்டிவிட்டு, அது அடங்குவதற்குள் சுண்டுவிரலால் வால்யூமை ஆறுக்கு இழுத்தேன். இரைச்சல் அப்படியே வடிந்து, அதனடியிலிருந்து மணி அடித்தாற்போல் தெளிவான நாதம் எழுந்தது. பத்துக்கு ஏற்றினேன், கர்ஜனை. மறுபடி ஆறு, மணி. விடியும்வரை அந்த ஒரு குமிழைத்தான் திருப்பிக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். பிக்கப் என்பது மெல்லிய செம்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். மற்ற பெடல்கள் வாசலிலேயே அந்தச் சுருளைத் தங்கள் சுற்றிலிருந்து பிரித்து வைத்துவிடும். ஃபஸ் ஃபேஸில் அப்படி ஒரு வாசலே இல்லை. மேலே சொன்ன சிக்கனம் இங்கே வேலை செய்கிறது: உங்கள் பிக்கப்பும் வால்யூம் குமிழும் முதல் டிரான்சிஸ்டரோடு நேரடியாகக் கோத்துக்கொண்டு, அந்தச் சுற்றின் உறுப்புகளாகவே மாறிவிடுகின்றன. குமிழைக் குறைத்தால் ஒலி மட்டும் குறைவதில்லை, பெடலின் பெருக்கும் திறனும் சேர்ந்து குறைகிறது. அதனால்தான் தெளிவு பிறக்கிறது.

நடுவில் பஃபர் (கிட்டாரின் சமிக்ஞையை வாங்கித் தன் வழியே அனுப்பும் சிறு இடைச்சுற்று) உள்ள பெடல் வந்தால் இந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. ஃபஸ்ஸுக்குக் கிட்டார் தெரிவதில்லை, பஃபர்தான் தெரிகிறது. அணைத்து வைத்திருந்தாலும் பல ட்யூனர்களில் பஃபர் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே ட்யூனரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அல்லது கிட்டாரின் தலையில் கவ்வும் ட்யூனர் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

படி 4: பெடலின் குமிழ்கள்

ஃபஸ் குமிழை முழுதும் திறந்து, அங்கிருந்து ஒரு மயிரிழை பின்னுக்கு இழுங்கள். சில பெடல்கள் கடைசிப் புள்ளியில் கூடுதலாகச் சீறும், அதைத் தவிர்க்கத்தான் இந்த மயிரிழை. வால்யூம் குமிழைப் பெடல் இல்லாதபோது கேட்கும் அளவைவிடச் சற்று அதிகமாக வையுங்கள், ஆம்பைத் தள்ள அது வேண்டும். ஃபஸ்ஸைப் பாதியில் வைத்தால் அடக்கமாக இருக்கும் என்று தோன்றும். பாதியில் வைத்தால் உயிரில்லாமல் கிடக்கும். அடக்குவது கிட்டாரின் வேலை.

படி 5: கிட்டாரின் வால்யூம்

இனிமேல் பெடலைக் காலால் அணைக்காதீர்கள், எரிந்துகொண்டே இருக்கட்டும். நான் பயன்படுத்தும் நிலைகள் மூன்று. தாள வாசிப்புக்கு ஐந்திலிருந்து ஆறு: கண்ணாடிபோல் பளிச்சென்று இருக்கும். நடுத்தரக் கரகரப்புக்கு எட்டு. தனி வாசிப்புக்குப் பத்து, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்போடு. உங்கள் கிட்டாரில் இந்த எண்கள் அரை எண் முன்பின் இருக்கலாம், காதை நம்புங்கள்.

வாசிக்காத நேரத்தில் கேட்கும் உஸ்ஸென்ற இரைச்சலை அடக்க நாய்ஸ் கேட் வாங்கத் தோன்றும். வேண்டாம். நீண்டு ஒலித்து மெல்லத் தேயும் ஸ்வரத்தின் வாலை அது வெட்டிவிடும். வால்யூமைப் பூஜ்யத்துக்கு இழுத்தால் போதும்.

படி 6: வா-வாவும் யூனி-வைப்பும்

யூனி-வைப்பில் சிக்கல் இல்லை. ஃபஸ்ஸுக்குப் பின்னால் வையுங்கள், வேகத்தை மெதுவாக்குங்கள். உள்ளே ஒரு சிறு பல்பு துடித்துத் துடித்து எரிய, சுற்றியுள்ள நான்கு ஒளியுணரிகள் அந்தத் துடிப்பை ஒலியின் அலையாக மாற்றுகின்றன. சுழலும் ஸ்பீக்கரை நினைவூட்டும் அந்த மிதப்பு அப்படித்தான் வருகிறது.

வா-வாதான் முரண்டு பிடிக்கும். ஹென்ட்ரிக்ஸ் அதை ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்திருந்தார். நீங்கள் அப்படி வைத்தால் வா-வாவின் வீச்சு சுருங்கிப்போகலாம், சில இணைகளில் விசில் அடிக்கும். ஃபஸ்ஸின் வாசலின்மை இங்கேயும் தலையிடுகிறது. வா-வா இயங்கும்போது மட்டும் வேலை செய்யும் சிறு பஃபரை அதன் வெளியீட்டில் பொருத்தினால் இது தீரும். உட்புறத்தில் அந்த வசதியோடு வரும் வா-வாக்களும் உண்டு. சாலிடரிங் பழக்கமில்லாதவர்கள் வா-வாவை ஃபஸ்ஸுக்குப் பின்னால் வைத்து வாசியுங்கள். வீச்சு முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் சண்டை இருக்காது.

மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை

பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ்ஸில் பேட்டரியின் நேர்முனைதான் தரை இணைப்பாக இருக்கும். மற்ற பெடல்களில் எதிர்முனை. இரண்டையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரியும் வயரில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். 9 வோல்ட் பேட்டரி போடுங்கள், அல்லது ஒவ்வோர் இணைப்பும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்குங்கள். வாசித்து முடித்ததும் கிட்டார் கேபிளைப் பெடலிலிருந்து உருவிவிடுங்கள். செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் மூன்று திரும்பத் திரும்ப வருகின்றன.

வயர்லெஸ் வைத்து வாசிக்கிறேன், வால்யூமைக் குறைத்தால் தெளிவு வரவில்லை என்கிறார்கள். வயர்லெஸ் ரிசீவரும் ஒரு பஃபர்தான். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புகளுக்கும் இதே கதைதான். ஃபஸ்ஸுக்கு முன்னால் பிக்கப் சிமுலேட்டர் என்ற சிறு பெட்டியைப் பொருத்தினால், உள்ளிருக்கும் சுருள் உண்மையான பிக்கப்பைப்போல் நடந்துகொள்ளும். ஆனால் கேபிளுக்கு ஈடாகாது.

ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பில் எல்லாம் சேறாகக் குழைகிறது என்றார் ஒருவர். வால்யூமை ஒன்பதுக்கு மேல் ஏற்றாமல், ஆம்பில் பேஸைக் குறையுங்கள். ஒற்றைச் சுருளாகப் பிரிக்கும் சுவிட்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: ஆம்ப் இல்லாமல், ஃபஸ்ஸிலிருந்து நேராகக் கம்ப்யூட்டரின் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, "வண்டு போகவே இல்லை" என்று எழுதுகிறார்கள். போகாது. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர், காதைக் கிழிக்கும் உச்ச அதிர்வுகளைத் தானாகவே விழுங்கிவிடும். இன்டர்ஃபேஸில் அப்படி விழுங்க எதுவும் இல்லை. மென்பொருளில் முதலில் ஓர் ஆம்ப் மாதிரி, அதற்குப் பின்னால் நான்கு ஸ்பீக்கர் கொண்ட கேபினெட் மாதிரி என்று இரண்டையும் போடுங்கள். ஆம்ப் மாதிரியைப் படி 2-இல் சொன்ன கரகரப்பு வரும்வரை ஏற்றிவிட்டு, பிறகு ஃபஸ்ஸை மிதியுங்கள்.