சிடியிலிருந்து இசையைச் சிந்தாமல் எடுப்பது எப்படி

என்னிடம் ஒரு தனி வயலின் பதிவு இருக்கிறது. கோப்பாக மட்டும்தான் இருக்கிறது. நான்காவது டிராக்கில் 3 நிமிடம் 42ஆவது வினாடியில் மெல்லிய ஒரு ‘டிக்’ கேட்கும். இழைந்து போய்க்கொண்டிருக்கும் வில்லின் நடுவே ஒரு மணல் துகள் விழுந்ததுபோல இருக்கும். அசல் சிடியை இரவல் கொடுத்தேன், திரும்பி வரவில்லை. கணினியில் ஏற்றியபோது மென்பொருள் எந்தப் பிழையும் காட்டவில்லை. 320 கேபிபிஎஸ் எம்பி3 என்று தேர்ந்தெடுத்திருந்ததால், இதற்குமேல் தரம் கிடையாது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த ‘டிக்’ பிட்ரேட்டால், அதாவது ஒரு வினாடி இசைக்கு எத்தனை கிலோபிட் (கேபிபிஎஸ்) என்ற அளவால், வந்ததில்லை. தட்டைப் படிக்கும்போதே உள்ளே வந்துவிட்டது. தரம் என்றதும் எல்லோரும் 128ஆ, 320ஆ என்றுதான் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. தட்டில் உள்ளது அப்படியே கணினிக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. தவறாகப் படித்ததை எந்த வடிவத்தில் சேமித்தாலும் தவறு தவறாகவேதான் இருக்கும்.

எண்களாக இருப்பதைக் காப்பி எடுப்பதில் எப்படிப் பிழை வரும் என்று தோன்றலாம். ஆடியோ சிடியில் ஒரு வினாடி இசை 75 பகுதிகளாக இருக்கிறது. ஒவ்வொன்றும் 2352 பைட். கோப்புகள் எழுதிய டேட்டா சிடியிலும் பகுதியின் அளவு அதேதான். ஆனால் அதில் 2048 பைட் மட்டுமே கோப்புக்கு. மீதியில் பெரும்பங்கு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. ஆடியோ சிடியில் அந்தக் கூடுதல் காவல் கிடையாது, 2352 பைட்டும் இசைக்கே போய்விடுகிறது. அடிப்படைப் பிழைதிருத்தம் ஒன்று இரண்டு வகையிலும் உண்டு, சின்னக் கீறல்களை அது சமாளித்துவிடும். அதையும் மீறிப் போனால், விட்டுப்போன இடத்தை முன்னும் பின்னும் உள்ள ஒலியை வைத்துக் கருவியே ஊகித்து நிரப்பிவிடும். பிளேயரில் பாட்டு நிற்காமல் ஓடுவதற்கு அது நல்ல ஏற்பாடு. காப்பி எடுக்கும்போது அதுவே ஆபத்து, ஏனென்றால் ஊகம் நடந்தது நமக்குத் தெரியவே தெரியாது.

அதனால் முதல் வேலை தட்டைச் சுத்தம் செய்வது. மென்மையான துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. இசை வட்டப்பாதையில்தான் பதிவாகியிருக்கிறது. துடைக்கும்போது அதே திசையில் கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக ஒரு பெரிய பகுதி பாழாகும், குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தம் பார்த்துக்கொள்ளும். பிசுக்கு இருந்தால் தண்ணீரும் ஒரு சொட்டு மென்சோப்பும் போதும். இன்னொன்று, பளபளக்கும் பக்கத்தை மட்டும் பொத்திப் பொத்திப் பாதுகாத்து, பெயர் அச்சிட்ட பக்கத்தைக் கீழே வைத்துத் தேய்ப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் அச்சிட்ட அந்தப் பக்கம்தான் பலவீனமானது. இசை பதிந்த படலம் அச்சுக்கு நேர் கீழே, மெல்லிய ஒரு பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, அங்கே விழும் கீறலைப் பல சமயம் மெருகேற்றிச் சரிசெய்யலாம். மேலே படலமே உரிந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சரி, மென்பொருள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அல்லது டிபிபவர்ஆம்ப், மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். நான் அதிகம் புழங்கியது எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, அதனால் அதன் கணக்கிலேயே சொல்கிறேன். படிக்கும் முறையில் ‘பர்ஸ்ட்’ என்பதை விட்டு ‘செக்யூர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பர்ஸ்ட் முறை ஒரே ஓட்டமாகப் படித்து, வந்ததை எழுதிவிடும். செக்யூர் முறை ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறையாவது படித்து ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்பப் படிக்கும். டிரைவ் தன் நினைவகத்தில் வைத்திருப்பதையே இரண்டாவது முறையும் எடுத்து நீட்டிவிடக் கூடாது என்பதற்காக, டிரைவ் கேஷ் செய்கிறதா என்று சோதிக்கும் வசதியும் இருக்கிறது. அதை ஓடவிட்டு முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். சி2 என்று ஓர் அமைப்பு வரும். பிழை நேர்ந்தால் டிரைவே சொல்லும் ஏற்பாடு அது. எல்லா டிரைவும் அதை ஒழுங்காகச் சொல்வதில்லை, அதனால் நான் அணைத்தே வைத்திருக்கிறேன். நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

அடுத்தது ஆஃப்செட். ஒவ்வொரு டிரைவ் மாடலும் இசையைச் சில சாம்பிள்கள் (ஒரு கணத்து ஒலியை அளந்த எண்கள்) முன்னோ பின்னோ தள்ளித்தான் படிக்கும். சிலவற்றில் 6, சிலவற்றில் 667. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்பதால் 667 என்பது சுமார் 15 மில்லிவினாடி, காதுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் இதைச் சரியாக அமைக்க வேண்டும், அடுத்து சொல்லப்போகும் சரிபார்ப்பு இதை நம்பித்தான் நிற்கிறது.

அந்தச் சரிபார்ப்பின் பெயர் அக்யூரேட்ரிப். இதே சிடியை உலகில் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு டிரைவில் எடுத்திருப்பார்கள். படித்த இசையிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்தான் கூட்டெண்; அவர்களுக்குக் கிடைத்த கூட்டெண்ணோடு உங்களுடையதை அது ஒப்பிடும். முன்பின் அறியாத ஐந்து பேருக்கும் எனக்கும் ஒரே எண் வந்தால், எல்லோருடைய தட்டிலும் அதே இடத்தில் அதே கீறல் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் படித்தது சரி. முதல்முறை பச்சை நிறத்தில் அந்த முடிவைப் பார்த்தபோது, இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்றுதான் இருந்தது.

ஒத்துப்போகவில்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். எல்லா டிராக்கும் சேர்ந்து ஒத்துப்போகாமல் இருந்தால், பெரும்பாலும் உங்களுடையது வேறு அச்சில் வந்த தட்டு; அல்லது ஆஃப்செட் தவறு. ஒன்றிரண்டு டிராக் மட்டும் தப்பினால்தான் கோளாறு அந்த இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அரிய தட்டுகள் அந்தத் தொகுப்பில் இருக்கவே இருக்காது. அவற்றுக்கு ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ முறையைப் பயன்படுத்துங்கள்: ஒரு முறை எழுதாமல் படித்து எண் எடுக்கும், மறுமுறை படித்து எழுதும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முடிவில் வரும் பதிவறிக்கையில் சந்தேகமான இடங்கள் நிமிடம் வினாடியோடு இருக்கும். அந்த இடங்களை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். தேறாவிட்டால் மறுபடி துடைத்து, வேகத்தைக் குறைத்து, அப்புறம் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் திணறிய தட்டை இன்னொன்று சர்வசாதாரணமாகப் படிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய கணினியைக் கழிக்கும்போது அதன் டிரைவை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். சிடியில் இசை ஓடுவது வினாடிக்கு 1411 கிலோபிட் வேகத்தில். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் அதில் பதினோரில் ஒரு பங்குதான் மிஞ்சும். டிரம்ஸ் சிம்பலின் மினுமினுப்பும் கைதட்டலும்தான் முதலில் அடிபடும். கைதட்டல் தண்ணீர் கொதிப்பதுபோல் கேட்கும். எம்பி3 செய்யும் லேம் என்ற மென்பொருளில் வி0 அமைப்பில் எடுத்தால் சராசரியாக 245 கேபிபிஎஸ் வரும், அதை அசலிலிருந்து பிரித்தறிவது பெரும்பாலோருக்குக் கடினம், எனக்கும் கடினம். ஆனாலும் பாதுகாத்து வைக்கும் பிரதி ஃபிளாக் வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஃபிளாக் எதையும் எறிவதில்லை. விரித்தால் ஒரு பிட் மாறாமல் அசல் திரும்பி வரும். ஒரு மணி நேர சிடி சுருக்காமல் 635 எம்பி, ஃபிளாக்கில் பெரும்பாலும் 300 முதல் 400 எம்பி. என்னுடைய 340 தட்டுகளும் 120 ஜிபிக்குள் அடங்கிவிட்டன. போனுக்கோ காருக்கோ வேண்டுமென்றால் ஃபிளாக்கிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி3யிலிருந்து ஃபிளாக் செய்தால் கோப்பு பெரிதாகுமே தவிர, போன ஒலி வராது. ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை உள்ள அளவுகள் ஒலித்தரத்தைப் பற்றியவை அல்ல, சுருக்க எடுக்கும் நேரத்தைப் பற்றியவை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று ஏற்றுவதும் வீண். சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே.

சத்தத்தின் அளவைத் தானே மாற்றும் ‘நார்மலைஸ்’ என்ற அமைப்பை எங்கே பார்த்தாலும் அணைத்துவிடுங்கள். அது சாம்பிள்களையே மாற்றிவிடும், சரிபார்த்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். தட்டுக்குத் தட்டு சத்தம் ஏறி இறங்குவது தொல்லையாக இருந்தால் ரீப்ளேகெய்ன் போதும். எவ்வளவு சத்தத்தில் இசைக்க வேண்டும் என்ற ஒரு குறிப்பை மட்டும் அது எழுதிவைக்கும், இசையைத் தொடாது.

1980களில் வந்த தட்டுகளில் ஒரு விஷயம். சிலவற்றில் உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிவு செய்து, பிளேயர் அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும் என்று ஒரு கொடி, அதாவது அடையாளக் குறி, வைத்திருப்பார்கள். ப்ரீஎம்ஃபசிஸ் என்பது அதன் பெயர். கணினியில் எடுக்கும்போது அந்தக் கொடி தொலைந்துவிட்டால் எல்லாமே கூர்மையாக, காதைக் குத்துவதுபோல் கேட்கும். பழைய சிடி இப்படிக் கேட்டால் மாஸ்டரிங்கை (பதிவின் இறுதிச் செப்பனிடலை) குறை சொல்லுமுன் அதைப் பாருங்கள். சாக்ஸ் என்ற இலவசக் கருவியால் இறக்கிக்கொள்ளலாம். இறக்காத பிரதியையும் வைத்திருங்கள்.

யாரோ எழுதிக் கொடுத்த சிடிஆர் தட்டுகளில் இன்னொரு சிக்கல், அவற்றில் பலவும் எம்பி3யிலிருந்தே எழுதப்பட்டவை. ஸ்பெக் போன்ற நிறமாலை காட்டும் மென்பொருளில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் இருட்டாக இருந்தால் பெரும்பாலும் அதுதான் கதை.

எடுத்து முடித்ததும் பதிவறிக்கையையும், டிராக்குகள் எங்கே தொடங்குகின்றன என்று குறிக்கும் கியூ கோப்பையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். பெயர்களை இணையம் தருவதை நம்பி விட்டுவிடாமல், உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபாருங்கள். உறையின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து சேர்ப்பது என் வழக்கம், வாசித்தவர்களின் பெயர் பல சமயம் அங்கே மட்டும்தான் இருக்கும். அப்புறம் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று வேறு இடத்தில். ஃபிளாக் கோப்புக்குள்ளேயே இசையின் கூட்டெண் இருப்பதால், வருடத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் சோதனை ஓட்டம் விடலாம். கெட்டுப்போன கோப்பை அது பெயரோடு சொல்லிவிடும், மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிடிகளை இரவல் கொடுப்பதாக இருந்தால், இத்தனையும் முடித்த பிறகு கொடுங்கள்.