கொழும்பில் வீசிப் பழகி, மொன்டானாவில் டிரவுட் பிடிக்க

கூட்டாளிமார் நாலு பேர் சேர்ந்து அமெரிக்காவின் மொன்டானாவுக்கு பிளை பிஷிங் (செயற்கை ஈயை வீசி மீன் பிடிப்பது) போவதென்று முடிவானதும், முதல் வேலையாகச் சாமான் வாங்கத்தான் ஓடுவார்கள். பயிற்சியை யாரும் நினைப்பதில்லை. அந்த ஆறுகளில் அநேகமான டிரவுட் மீன்கள் 30, 40 அடிக்குள்ளேயே அகப்படும். தூரம் எட்டாமல் மீன் தப்புவது குறைவு. ஈ நீரோட்டத்தோடு போகாமல் இழுபடுவதைக் கண்டு விலகிப்போவதே அதிகம்.

வேண்டியது இவ்வளவுதான்: நாலு துண்டாகக் கழலும் 9 அடி, 5ஆம் இலக்கக் கோல் (இலக்கம் லைனின் பாரத்தைக் குறிக்கும்), முன்பக்கம் பாரம் கூடிய மிதக்கும் லைன், லைனின் நுனியில் கட்டும் மெல்லிய 9 அடி லீடர், லீடருக்கும் ஈக்கும் இடையே கட்டும் டிப்பெட் தங்கூசி 4எக்ஸ், 5எக்ஸ் தடிப்பில் ஒவ்வொரு சுருள். 5எக்ஸ் தங்கூசியின் தடிப்பு ஏறத்தாழ 0.15 மி.மீ. மட்டுமே. முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் அந்த இடமே நலிந்து, நல்ல மீன் வரும்போது அறும்.

பயிற்சிக்குக் காலிமுகத்திடல் போதும். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். பின்னேரம் பட்டமும் சனமும் இடம் விடாது. கொளுக்கிக்குப் பதில் சிறு கம்பளி நூல் துணுக்கைக் கட்டுங்கள். புல்லைவிட்டு இறங்க வேண்டாம், சீமெந்து லைனின் மேற்பூச்சை உரித்துவிடும். குளிர்நீருக்கான லைன் நமது வெயிலில் தொய்ந்து பிசுபிசுக்கும் என்பதாலும் காலைதான் நல்லது. அதைக் காருக்குள் விட்டுவைக்கவே கூடாது.

தென்மேற்குப் பருவக்காற்றை வாத்தியாராக வைத்துக்கொள்ளலாம். கடலைப் பார்த்து நின்றால் எதிர்காற்று: பின்வீச்சைச் சற்று உயர்த்தி, முன்வீச்சைத் தாழ்த்தி, காற்றில் லைன் வளைந்து போகும் வளையத்தை ஒடுக்கமாக்குங்கள். கோட்டைப் பக்கம் திரும்பினால் காற்று இடப்புறம், வலக்கைக்காரருக்குப் பயமில்லை. கொள்ளுப்பிட்டிப் பக்கம் திரும்பினால் காற்று வலப்புறமிருந்து லைனை முகத்தில் அடிக்கும். அப்போது கோலை இடத்தோளுக்கு மேலாகச் சாய்த்து வீச வேண்டும். மொன்டானாவின் மடிசன் ஆற்றில் இந்த மூன்றும் ஒரே நாளில் வரலாம். லீடரில் தானாக முடிச்சு விழுந்தால் காற்றைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் முன்வீச்சின் தொடக்கத்திலேயே பலத்தைக் கொட்டியதுதான் காரணம்.

புல்லில் பழக முடியாத ஒன்று உண்டு: லைனைத் திருத்திப் போடுவது. உங்களுக்கும் ஈக்கும் நடுவே வேகமான நீர் ஓடினால், அது லைனின் நடுப்பகுதியை வளைத்து ஈயை இழுக்கும். ஈ விழுந்த உடனேயே கோல்நுனியை உயர்த்தி, அந்த வளைவை மட்டும் நீரோட்டத்துக்கு எதிர்ப்புறமாகத் தூக்கிப் போட வேண்டும். ஈ அசையக் கூடாது. தாமதித்தால் நீர் லைனைப் பிடித்துக்கொள்ளும். இதற்காக ஒரு பகல் கித்துல்கலைக்குப் போய், கொளுக்கி இல்லாமலே களனி கங்கையில் பழகுங்கள். கணுக்காலுக்கு மேல் இறங்க வேண்டாம், மின்நிலைய நீர் திறந்தால் மட்டம் சட்டென ஏறும். சப்பாத்தைக் கழுவி, முற்றாகக் காயவைத்தே பெட்டியில் வையுங்கள். ஆற்றுக்கு ஆறு நோயும் நத்தையும் ஈரச் சப்பாத்தில் போகும். கம்பளி அடிப்பாகம் கொண்ட சப்பாத்து மொன்டானாவை ஒட்டிய யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் தடை. ரப்பர் அடியே எடுங்கள்.

காலம்: மே, ஜூனில் பனி உருகி ஆறுகள் கலங்கும். அந்நேரம் போவதானால் ஹோல்டர் அணைக்குக் கீழேயுள்ள மிசூரி ஆறே பாதுகாப்பான தெரிவு. ஆகஸ்டில் வெட்டுக்கிளி போன்ற ஈக்கு மீன் நன்றாக அகப்படும், ஆனால் நீர் சூடேறும். நீரின் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 73 பாகை பரனைட்டை (ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ்) எட்டினால் பிற்பகல் இரண்டு மணி தொடக்கம் நள்ளிரவு வரை பிடிக்கத் தடை வரலாம். எங்கள் வாக்கு செப்டெம்பர் முற்பகுதிக்கே.

வெளியூராருக்கு மூன்று அனுமதி சேர வேண்டும்: இயற்கை வளப் பாதுகாப்பு உரிமம், ஆக்கிரமிப்பு உயிரினத் தடுப்புப் பாஸ், மீன்பிடி உரிமம். யெலோஸ்டோனுக்குள் இவை செல்லாது, தனி அனுமதி எடுக்க வேண்டும்.

துடுப்புப் படகில் வழிகாட்டியோடு இருவர்தான் ஏறலாம். நாலு பேருக்கு இரண்டு படகு. முன்னால் இருப்பவர் படகுக்கு முன்பக்கமாகச் சாய்வாகப் போடட்டும், பின்னால் இருப்பவர் அவர் வீசி முடியும்வரை பார்த்திருக்கட்டும். "மச்சான், ஒரே ஒரு தடவை" என்று இருவரும் சேர்ந்து வீசினால் அடுத்த கால் மணித்தியாலம் சிக்கெடுப்பதிலேயே போகும்.

கொளுக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள், காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். படம் எடுக்கும் நேரம் தவிர மீன் நீருக்குள்ளேயே இருக்கட்டும். நீர் 20 பாகை செல்சியசைத் தாண்டினால், தடை வந்தாலும் வராவிட்டாலும், லைனைச் சுருட்டிவிடுங்கள்.

கரடி ஸ்பிரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். மொன்டானாவின் போஸ்மன் விமான நிலையத்தில் இறங்கியதும் ஆளுக்கொன்று வாங்கி, பைக்குள் அல்லாமல் இடுப்புப் பட்டியில் செருகிக்கொள்ளுங்கள்.