கேம் மாஸ்டர் ஸ்க்ரீன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஞாயிறுதோறும் ஆட்டம். விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு), பேச்சு முழுக்கத் தமிழ். கதையை நடத்துகிறவர்தான் கேம் மாஸ்டர்; தன் குறிப்புகளையும் பகடையையும் மறைக்க அவர் முன்னால் நிறுத்தும் மடிப்புப் பலகை ஸ்க்ரீன். புதிதாக கேம் மாஸ்டர் ஆகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஸ்க்ரீன் வாங்கலாம் என்றுதான்.

உயரமானதை வாங்காதீர்கள். தாளை நெட்டுவாக்கில் நிறுத்தியது போன்ற பலகைகள் கிட்டத்தட்ட 28 செ.மீ. உயரம் இருக்கும். என் முதல் ஸ்க்ரீன் அப்படித்தான். மேசையில் விரித்த வரைபடத்தில் பாதி எனக்குத் தெரியாது. பூதம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் எழுந்திருக்க வேண்டும். குனிந்து குறிப்பைப் படித்தால் என் முகமும் மறைந்துவிடும். அகலவாக்கில் இருப்பது 22 செ.மீ. வரைதான் வரும், அதுவே தாராளம்.

அடுத்தது, உள்பக்கம் அச்சிட்டிருக்கும் விதிகள் எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் வாங்குவது. உதாரணத்துக்கு, கதாபாத்திரம் களைத்துப்போவதைக் காட்டும் சோர்வு. 2014 விதிகளில் அதன் ஒவ்வொரு படிக்கும் ஒரு தனி பாதிப்பு. 2024 விதிகளில் படிக்கு 2 வீதம் இருபது முகப் பகடையின் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். பழைய ஸ்க்ரீனைப் பார்த்துப் புதிய விதியில் ஆடினால் சண்டை நடுவில் குழப்பம்தான்.

நாமே தாள் செருகிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை வைத்த ஸ்க்ரீன்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் அமெரிக்க லெட்டர் அளவுக்குச் செய்த உறையில் நம்மூர் ஏ4 தாள் போகாது. ஏ4 சுமார் 18 மி.மீ. நீளம் அதிகம். ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன் அளந்துவிடுங்கள். பளபள லேமினேஷனும் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் பட்டால் எழுத்தே தெரியாது.

சரி, உள்ளே எதை எழுதுவது? விதிப்புத்தகம் முழுவதையும் பொடி எழுத்தில் திணிப்பதுதான் பெரிய தவறு. மூன்று ஆட்டங்களில் எதற்காகப் புத்தகத்தைப் புரட்டினீர்கள் என்று குறித்து வையுங்கள், அது மட்டும் போதும். என்னுடையதில் சிரம எண்கள் (ஒரு செயல் பலிக்க உருட்டி எட்ட வேண்டிய எண்: சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20), கீழே விழுந்தவர், கட்டுண்டவர் போன்ற நிலைகள், அப்புறம் பதினைந்து பெயர்கள். சத்திரக்காரர் பெயர் என்ன என்று திடீரென்று கேட்பார்கள். யோசித்துத் தடுமாறினால் அவர் அப்போதே ஜோடித்த ஆள் என்று தெரிந்துவிடும். முத்தையா என்று உடனே சொன்னால் அவரை நம்பிவிடுகிறார்கள்.

எல்லாப் பகடையையும் மறைவிலேயே உருட்டாதீர்கள். ஒளிந்திருக்கும் பொறி கண்ணில் படுமா என்பது போன்றவற்றுக்கு மட்டும் மறைவு போதும். ஒருவரின் கதாபாத்திரம் சாகப் போகிறது என்றால் நான் ஸ்க்ரீனை மடித்துக் கீழே வைத்துவிட்டு, மேசை நடுவில் உருட்டுகிறேன்.