போடிமெட்டு ஏறும்போது படபடப்பு: அதை வளர்ப்பது எது, இறக்குவது எப்படி

போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவர்களில் சிலருக்கு, மலையடிவாரத்து முந்தல் தாண்டியதுமே நெஞ்சு அடித்துக்கொள்ளும். விரல்கள் மரத்துப்போகும், மூச்சு போதாது, உயிர் போய்விடும் போலிருக்கும். பாதி வழியில் இறங்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 'இறங்கியதால் பிழைத்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தாலும் அடங்கியிருக்கும், ஆனால் அதைப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஜீப் நிற்கும் இடத்திலேயே படபடப்பு வரும். அதற்கடுத்த வாரம் முதல் நாள் ராத்திரியே தூக்கம் போய்விடும்.

முதலில் உடம்பைச் சோதிக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவது, இதயத் துடிப்புக் கோளாறு ஆகிய நான்கும் இதே மாதிரி காட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் விடியற்காலையில் ஜீப் ஏறுகிறவர்கள் மூன்றாவதை மறக்கவே கூடாது. ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), சர்க்கரை, ஈ.சி.ஜி. ஆகியவற்றை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். நெஞ்சை அமுக்குவதுபோல வலித்து இடது கை, தாடை, முதுகுக்குப் பரவினால், கூடவே குளிர்ந்து வியர்த்தால், வாயு என்று நினைத்து சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108. வயது 40-க்கு மேல், அல்லது சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உண்டு என்றால், முதல் தடவை வரும் படபடப்பைப் பயம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், மருத்துவரைப் பார்த்தால் சொல்லில் கவனம் தேவை. மலையாளத்தில் 'ஸ்வாசம் முட்டல்' என்பது ஆஸ்துமா இழுப்புக்கும் சொல்வது. அதை மட்டும் சொன்னால் இழுப்பு என்று எடுத்துக்கொண்டு நெபுலைசர் வைக்க வாய்ப்புண்டு. அதில் போடும் சால்பியூட்டமால் என்ற மருந்து நெஞ்சுத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் கூட்டும். 'நெஞ்சிடிப்பு', 'தலகறக்கம்', 'பேடி' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயத்தில் நாம் தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலைச்சுற்றலும் விரல் மரப்பும் அதனால்தான். பக்கத்தில் இருப்பவர்கள் அன்போடு சொல்லும் 'நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடு' என்பது நிலைமையை மோசமாக்கும். மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். காலையும் மாலையும் 5 நிமிடம் வீட்டில் பழகினால்தான் ஜீப்பில் கைகொடுக்கும். முகத்தில் பிளாஸ்டிக் கவர் வைத்து மூச்சு விடுவது ஆபத்து.

இனி மலை ஏறும் வேலை. ஒரு தாளில் 0 முதல் 10 வரை பய மதிப்பெண்ணோடு படிகள் எழுதுங்கள். நின்றிருக்கும் ஜீப்பின் பின்சீட்டில் 20 நிமிடம் உட்கார்வது 3. முந்தல் வரை பஸ்ஸில் போய்த் திரும்புவது 4. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை துணையோடு பஸ்ஸில் போடிமெட்டு, 6. அதையே தனியாக, 7. நெருக்கியடித்த ஜீப்பில் நடுவில் உட்கார்ந்து பூப்பாறை, 9. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஒவ்வொரு படியையும் வாரத்தில் மூன்று நான்கு நாள் செய்து, மதிப்பெண் பாதியானதும் அடுத்ததற்குப் போங்கள். வாரத்துக்கு ஒருநாள் என்றால் நடுவில் பயம் பழையபடி ஏறிக்கொள்ளும். கிளம்பும் முன் 'என்ன ஆகும்' என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரி எழுதுங்கள். திரும்பி வந்து உண்மையில் என்ன ஆனது என்று எழுதுங்கள். இந்த இரண்டு வரிகளும்தான் மருந்து.

பலர் தவறுவது இங்கே. ஏறிப் போகிறார்கள், ஆனால் கையில் மாத்திரை, மடியில் தண்ணீர் பாட்டில், விரல் நாடியில். 17 கொண்டை ஊசி வளைவில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவதும் அப்படித்தான். பத்திரமாக வந்த பெருமை மாத்திரைக்கும் பாட்டிலுக்கும் போய்விடும், மூளை ஒன்றும் கற்றுக்கொள்ளாது. இவற்றை ஒவ்வொன்றாக விடுங்கள். (வளைவில் குமட்டல் வருவது வேறு. அது காதும் கண்ணும் ஒத்துப்போகாததால் வருவது. அதற்கு முன்சீட்டும் தூரப் பார்வையும் சரிதான்.)

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் உடம்பும் பழக்கம் விட்டுப்போகும். பிறகு நான்கு படி ஏறினாலே நெஞ்சு அடிக்கும், அந்த அடிப்பே புதுப் பயம். கழுத்து இறுக்கம், புளித்த ஏப்பம், வயிறு கலக்கி அடிக்கடி வெளியே போவது, அரைத் தூக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். கூடவே நின்ற இடத்தில் 1 நிமிடம் ஓடி, நெஞ்சை வேண்டுமென்றே அடிக்கவிட்டு, அது தானாக அடங்குவதைப் பாருங்கள். இதய நோய், இழுப்பு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

கடும் டீயைக் குறையுங்கள், ஏறுவதற்கு முன் அறவே வேண்டாம். அரை மணிக்கொரு தரம் பிரஷர் பார்ப்பது பிரஷரைத்தான் ஏற்றும். மருத்துவர் பார்க்கச் சொல்லியிருந்தால், 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள், போதும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் என்ற படபடப்பை அடக்கும் மாத்திரை பழக்கமாகிவிடும். ஏற்கெனவே தினமும் எடுக்கிறவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருத்துவர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் 'நீ இரு மதினி, நான் போய்ட்டு வாரேன்' என்று வேலையைப் பிடுங்கிக்கொள்வது பாசம்தான், ஆனால் பயத்துக்குத் தீனி. 'இன்னைக்கு முந்தல் வரைக்கும் போவோம் மதினி' என்பதே உதவி. சொந்த முயற்சியில் நகரவில்லை என்றால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மழைக்காலத்தில் சில வாரம் வேலை நின்று மறுபடி ஏறும்போது படபடப்பு திரும்ப வந்தால், பட்டபாடு வீண் என்று நினைக்காதீர்கள். விட்ட இடத்துக்கு இரண்டு படி கீழே இருந்து தொடங்குங்கள், இந்த முறை சீக்கிரமே குறையும்.