முகத்துக்கு ஊசி போட முன், டொக்டரிடம் எப்படிப் பேசுவது?

"என்னை வடிவாக்கி விடுங்கோ" என்று மட்டும் சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று, உங்களை உறுத்துவது நெற்றிச் சுருக்கமா, கன்னத்தில் மங்கு எனப்படும் கருந்திட்டா என்று ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். நடிகையின் படம் வேண்டாம், பத்து வருடத்துக்கு முந்திய உங்கள் சொந்தப் படத்தைக் கொண்டுபோங்கள், அதை வைத்துத்தான் எது சாத்தியம் என்று அவரால் நேர்மையாகச் சொல்ல முடியும். சுருக்கத்தைக் குறைக்கும் பொடொக்ஸ் ஊசி முழுதாக வேலை செய்ய 2 கிழமை வரை எடுக்கும், 3, 4 மாதத்தில் குறைந்துவிடும், அதனால் கலியாணத்துக்கு முதல்நாள் ஓடாதீர்கள். அஸ்பிரின் எடுக்கிறீர்களா, கர்ப்பமா, மறைக்காமல் சொல்லுங்கள். குழிவை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்ட இடம் வெளிறிக் கடுமையாக வலித்தால் உடனே திரும்பிப் போங்கள், இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். சரி, மங்குக்கு வைத்தியம் செய்பவர்கள் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் மத்தியான வெயிலில் நின்றால் அது திரும்ப வரும். வெளியே நிற்கும் நாளில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் பூசுங்கள்.