பேண்டை விட்டுத் தனியே பாட வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேட்டுக் கேட்டே கிட்டார் பழகி, சில வருடம் பேண்டில் வாசித்துவிட்டு, இனி என் பாட்டை என் பெயரில் பாடுகிறேன் என்று கிளம்பும் பெண்கள் பெரும்பாலும் இசையில் தடுக்கி விழுவதில்லை. எந்தப் பாட்டு யாருடையது என்ற கணக்கில்தான் விழுகிறார்கள்.

ஒத்திகை அறையில் பாட்டு பிறக்கும்போது யாரும் எழுதி வைப்பதில்லை. மெட்டு உங்களுடையது, நடுவில் வரும் பேஸ் கிட்டார் வாசிப்பு இன்னொருவருடையது. பிரியும் நாளில் ஆளுக்கொரு ஞாபகம். சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கு ஓர் உரிமை, பதிவான ஒலிக்கு இன்னோர் உரிமை. முதலாவது முழுக்க உங்களுடையதாகவே இருந்தாலும், பேண்டோடு சேர்ந்து பதிவுசெய்த ஒலியை நீங்களாக எடுத்து வெளியிட முடியாது; புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும். ஃபியூஜீஸ் என்ற அமெரிக்க ஹிப்ஹாப் குழுவிலிருந்து வந்த பாடகி லாரின் ஹில்லின் தனி ஆல்பம் 1998-இல் வெளியாகி ஐந்து கிராமி விருதுகள் வாங்கியது. அதில் உழைத்த சிலர், பாடல்களை எழுதியதிலும் தங்களுக்குப் பங்குண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2001-இல்தான் அது சமரசத்தில் முடிந்தது. பாட்டு முடிந்த அன்றே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நெருங்கிய நண்பர்கள் என்றால் இன்னும் கட்டாயமாக வாங்குங்கள்.

பெயரையும் அப்படியே பேசி முடியுங்கள். கணவரோடு நடத்திய குழுவை விட்டு வந்த பாடகி டினா டர்னர், 1978-இல் விவாகரத்தின்போது மேடைப் பெயரை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிந்தைய வெற்றியெல்லாம் அந்தப் பெயரில்தான் வந்தது.

அடுத்தது என்னை அதிகம் வருத்தும் தவறு. "எனக்கு இசைத் தியரி தெரியாது, நீங்களே பாருங்கள்" என்று தயாரிப்பாளரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவது. சேர்ந்து ஒலிக்கும் சுரங்களான கார்டின் பெயர் தெரியாவிட்டாலும், எது சரி என்று உங்கள் காதுக்குத் தெரியும். வாசித்தே காட்டுங்கள், வாயால் பாடிப் பதிவுசெய்து அனுப்புங்கள். தானே செய்த வேலைக்கான பெருமை உடனிருந்த ஆண்களுக்குப் போய்விடுவதாக ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கே 2015-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கே அந்த நிலை என்றால், நீங்கள் அமைத்த இசைக்கு உங்கள் பெயரை எழுதச் சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

சுருதியையும் மறுபடி பாருங்கள். பேண்டில் கிட்டாருக்கு வசதியான சுருதியில் பாடிப் பழகியிருப்பீர்கள். அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ பாடிப் பார்த்தால் குரல் சட்டென்று திறந்துகொள்ளலாம். தாளம் அதைவிடக் கடினம். இதுவரை டிரம்மர் சுமந்ததை இனி உங்கள் வலக்கை சுமக்க வேண்டும். சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமோடு தினமும் பழகாமல் ஸ்டூடியோவுக்குப் போகாதீர்கள்.

தனியே பாட பேண்டை முறித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. பாடகி ஸ்டீவி நிக்ஸ் 1981-இல் தனி ஆல்பம் வெளியிட்டபோது ஃப்ளீட்வுட் மேக் பேண்டில்தான் இருந்தார்.

மேடையில் ஒன்று. இரண்டு பாட்டுக்கு நடுவே கிட்டாரை ட்யூன் செய்யும் மௌனத்தை முன்பு யாராவது பேசி நிரப்பினார்கள். இப்போது அது உங்களுடையது. இன்னொரு கிட்டாரை அடுத்த பாட்டின் ட்யூனிங்கில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.